எதற்கு உருகினோம்?

புதிதாக அறிமுகமாகும் ஒருவரிடம் ஊரையும் பேரையும் கேட்டறிந்த பின், அவருக்குப் பிடித்த நூல் எது, பிடித்த பாட்டு எது, பிடித்த திரைப்படம் எது என்று வினவுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பள்ளி மாணவர் முதல் உயர்பதவியில் இருப்போர் வரை எவரும் இவ்வினாவுக்குத் தப்புவதில்லை. விடை சொல்பவர் தம்மை உயர்த்திக் காட்டக்கூடிய பெயர் ஒன்றைத் தேடிச் சொல்கிறார். கேட்பவரும் அந்தப் பெயரைக் கொண்டே அவரை எடைபோட்டு விடுகிறார். திருக்குறள் என்றால் ஒரு மதிப்பு. துப்பறியும் புதினம் என்றால் வேறொரு மதிப்பு.

நம் முன்னோர் இதே வினாவைச் சற்று வேறு வகையில் கேட்டார்கள். திருவாசகத்துக்கு உருகாதவர் வேறெந்த வாசகத்துக்கும் உருகமாட்டார் என்னும் கருத்தமைந்த முதுமொழி ஒன்று தமிழகத்தில் வழங்கி வருகிறது. அதனைச் சைவப் பற்றினால் எழுந்த புகழுரை என்று ஒதுக்கிவிடலாகாது. ஒருவர் எதைப் படித்தார், எதைப் பாராட்டினார் என்று அம்மொழி கேட்கவில்லை. எதற்கு உருகினார் என்றே கேட்கிறது. பாராட்டு நாவிலிருந்தும் வரலாம்; உருக்கம் உள்ளத்திலிருந்தே வரும். நம் செல்வம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நம் உள்ளமும் இருக்கும் என்று ஆண்டவர் கற்பித்ததும் இதனோடு ஒத்துப்போகிறது.

இந்த உரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டு மனிதரின் விருப்பங்களை ஆராய ஏற்றதோர் ஊர் திருவண்ணாமலை. 11 நிலைகளும் 217 அடி உயரமும் கொண்ட அவ்வூர் இராசகோபுரத்தையும், கார்த்திகைத் தீபத்தையும், மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் வலப்பாதையையும் அறியாதார் இல்லை. ஆனால் அவ்வூரின் வரலாற்றில் நூல்களும் பாடல்களும் செய்திருக்கும் வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒரு நூலைப் படித்து வீட்டை விட்டு வந்தவரும், ஒரு பாட்டைக் கேட்டு வாழ்க்கையை மாற்றிக்கொண்டவரும் அம்மலையடிவாரத்தில் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களுள் சிலரைக் கத்தோலிக்கராகிய நாம் நம் நிலையில் நின்று சற்று நோக்குவோம்.

மார்கழிப் பாட்டும் ஆங்கிலக் குருவும்

மணிவாசகர் ஏறத்தாழ 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்பது அறிஞர் பலரின் கருத்து. பாண்டிய மன்னனின் அமைச்சராக இருந்து துறவு பூண்ட அவர், திருவெம்பாவையையும் திருவம்மானையையும் திருவண்ணாமலையில் அருளினார் என்பது மரபு. இவ்விரண்டின் அமைப்பையும் கூர்ந்து நோக்கவேண்டும். முன்னது, மார்கழி விடியலில் தோழியரைத் துயிலெழுப்பி நீராடச் செல்லும் பெண்களின் பாட்டு. பின்னது, பெண்கள் காய்களை எறிந்து பிடித்து ஆடும் அம்மானை விளையாட்டின் பாட்டு. அரசவையில் பழகிய ஒருவர், இறைவனைப் பாட வந்தபோது அரசவைக்குரிய ஆடம்பரத்தை நாடவில்லை. தெருவில் ஆடும் சிறுமியரின் பாட்டையே தேர்ந்துகொண்டார். அவர் எதைத் துறந்தார் என்பதை அவருடைய வரலாறு சொல்கிறது. எதை விரும்பினார் என்பதை அவர் தேர்ந்த பாட்டின் வடிவமே சொல்லிவிடுகிறது.

அந்தப் பாடல்களுக்கு உருகியவர் சைவர் மட்டுமல்லர். 1820-இல் பிறந்து, 1839-இல் தமிழகம் வந்து, சாயர்புரத்திலும் தஞ்சையிலும் பணிபுரிந்த ஜி. யு. போப் ஆங்கிலத் திருச்சபையின் குரு. முதுமையில் ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்து வந்த அவர், திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1900-இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 80. சைவ சித்தாந்தத்தின் கொள்கைகள் அனைத்தையும் அவர் ஏற்றுக்கொண்டாரல்லர். தம் கிறிஸ்தவ நம்பிக்கையையும் விட்டாரல்லர். ஆயினும், கண்ணும் கையும் தளரும் பருவத்தில் தமக்கு எஞ்சியிருந்த வலிமையை அந்நூலுக்கே செலவிட்டார்.

போப்பையரின் வாழ்விலிருந்து ஓர் உண்மையை நாம் அறிகிறோம். நமக்குப் பிடித்தது எது என்று நாம் சொல்வதைவிட, அதற்காக நாம் எதைக் கொடுத்தோம் என்பதே நம்மைத் தெளிவாகக் காட்டும். விலை கொடாத விருப்பம் பெரும்பாலும் வெறும் பேச்சாகவே நின்றுவிடுகிறது.

இலக்கணப் பாடமும் அடியார் வரலாறும்

1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்னும் சிறுவர், தந்தையை இழந்தபின் மதுரையில் சிற்றப்பாவின் வீட்டில் வளர்ந்தார். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தது இவரைத்தான். அக்காலத்தில் அவர் படிப்பில் நாட்டமுள்ளவர் அல்லர். பந்தாட்டத்திலும் மற்போரிலும் விருப்பமுள்ள, உடல் வலிமை மிக்க ஒரு சாதாரண மாணவர். அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் விவிலியப் பாடமும் அவருக்கு நடந்தது.

சிற்றப்பா இரவலாக வாங்கி வந்திருந்த பெரியபுராணம் ஒருநாள் அவர் கையில் கிடைத்தது. பாடநூல்களைத் தவிர அவர் விரும்பிப் படித்த முதல் சமய நூல் அதுவே. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய அந்நூல் 63 நாயன்மார்களின் வரலாறு. அவர்களுள் அரசரும் உண்டு. குயவரும் வண்ணாரும் வேடரும் உண்டு. படிக்கப் படிக்கச் சிறுவருக்கு வியப்பு மேலிட்டது. அவர்களைப்போல் தாமும் ஆகவேண்டும் என்ற ஏக்கம் எழுந்தது. நூலை மூடியபின் அந்த எழுச்சி மெல்லத் தணிந்தது. பழைய வாழ்க்கை தொடர்ந்தது.

1896-ஆம் ஆண்டின் நடுவில், சாவைப் பற்றிய பேரச்சம் ஒன்று திடீரென அவரைப் பற்றிக்கொண்டது. அவ்வச்சத்தின் முடிவில் அவர் அடைந்த அகவிழிப்பு அவரை அடியோடு மாற்றிவிட்டது. அதன்பின் அவர் நாள்தோறும் மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சென்று, அறுபத்துமூவர் திருவுருவங்களின் முன் நின்று கண்ணீர் விட்டார். அவர்களுடைய பக்தி தமக்கும் வாய்க்கவேண்டும் என்று வேண்டினார். முன்பு நூலை மூடியதும் அடங்கிப்போன ஏக்கம் இப்போது அடங்கவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் நிகழ்ந்தது பலரும் அறிந்த கதை. பாடத்தைப் படிக்காமல் சென்றதற்குத் தண்டனையாக, பெயின் என்பார் எழுதிய ஆங்கில இலக்கண நூலின் பாடம் ஒன்றை மூன்று முறை எழுதிவருமாறு ஆசிரியர் பணித்திருந்தார். இரண்டு முறை எழுதிய சிறுவர், மூன்றாம் முறை தாளைத் தள்ளிவிட்டுக் கண்களை மூடி அமர்ந்தார். இப்படி இருப்பவனுக்குப் படிப்பு எதற்கு என்னும் பொருள்பட அண்ணன் கடிந்துகொண்டார். அச்சொல்லின் உண்மை சிறுவரின் நெஞ்சில் தைத்தது. கல்லூரிக் கட்டணத்துக்காக அண்ணன் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, தம் தந்தையைத் தேடிச் செல்வதாக ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்டார். செப்டம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். 1950 ஏப்ரல் 14-ஆம் நாள் மறையும்வரை அம்மலையை விட்டு அகலவில்லை.

ஒரே மேசையில் இரண்டு நூல்கள். ஒன்று, பிறர் கட்டளைக்காக எழுதிக் கொண்டிருந்த நூல். மற்றொன்று, எவரும் பணிக்காமலே நெஞ்சில் குடியேறிய நூல். அந்நாளில் அவருக்குப் பிடித்த நூல் எது என்று ஆசிரியர் எவரேனும் கேட்டிருந்தால் அச்சிறுவர் என்ன விடை கூறியிருப்பாரோ! அவர் சென்ற வழியே விடையாயிற்று.

பிற்காலத்தில் அவரைச் சூழ்ந்தோர் அவரை வேதாந்த ஞானியாகவே அறிந்தனர். அத்துறை நூல்களை அவர் கற்றது எவ்வாறு என்பது சுவையானது. அவருக்குத் தொண்டு செய்த பழனிசுவாமி மலையாள நாட்டவர். தமிழ் நூல்களைக் கடன் வாங்கி வந்து, எழுத்துக்கூட்டிப் படிக்க இடர்ப்பட்டார். அதைக் கண்டு இரங்கி, அந்நூல்களைத் தாமே படித்து அவற்றின் சாரத்தை அவருக்கு எடுத்துரைத்ததால் ரமணருக்குச் சாத்திரப் பயிற்சி வாய்த்தது. சாத்திரங்கள், மற்றவருக்காகப் படித்தவை. பெரியபுராணமோ அவர் தமக்கெனப் படித்தது. முதிர்ந்த வயதிலும் அடியார் வரலாறுகளை அன்பர்களுக்குப் படித்துக் காட்டும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும். கண்ணீர் பெருகித் தொடர முடியாமல் நிறுத்திவிடுவார். அசையாத ஞானி என்று உலகம் போற்றியவரின் உள்ளம் கண்ணப்பருக்கும் சுந்தரருக்கும் உருகியது. அறிவின் புகழ் அவரைப் பற்றிச் சொல்லாததை அக்கண்ணீர் சொல்லிற்று.

லொயோலாவில் ஒரு படுக்கை

இவ்வரலாறு கத்தோலிக்கராகிய நமக்கு வேறொரு வரலாற்றை நினைவூட்டாமல் இராது. 1521-ஆம் ஆண்டு மே மாதம் பம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டினால் கால் முறிந்த ஒரு வீரர், தம் லொயோலா இல்லத்தில் படுக்கையில் கிடந்தார். பொழுது போக்குவதற்கு வீரக் காதல் கதைகள் வேண்டுமென்று கேட்டார். அவர் மனத்துக்கு உகந்தவை அவைதாம். அவ்வீட்டில் அத்தகைய நூல் ஒன்றும் கிடைக்கவில்லை. கிறிஸ்துவின் வாழ்க்கையைக் கூறும் நூல் ஒன்றும், புனிதர்களின் வரலாறு ஒன்றும் கொடுக்கப்பட்டன. வேறு வழியின்றி அவற்றையே படித்தார்.

புனித இஞ்ஞாசியார் அப்போது தம் உள்ளத்தில் நிகழ்ந்ததைப் பிற்காலத்தில் தெளிவாகச் சொல்லி வைத்திருக்கிறார். உயர்குலப் பெண்ணொருத்திக்காகச் செய்யப்போகும் வீரச் செயல்களை எண்ணும்போது இன்பம் தோன்றும்; எண்ணி முடித்தபின் மனம் வறண்டுவிடும். பிரான்சிஸ்கு அசிசியாரையும் சாமிநாதரையும்போல் வாழ்வதை எண்ணும்போதும் இன்பம் தோன்றும்; எண்ணி முடித்த பின்னும் அந்த மகிழ்ச்சி நீங்காது. இவ்வேறுபாட்டை அவர் கவனித்தார். ஆவிகளைத் தேர்ந்து தெளிதல் என்று நம் ஞானத்தியானங்களில் இன்றும் கற்பிக்கப்படும் நெறி அந்தக் கவனிப்பிலிருந்தே பிறந்தது. அப்படுக்கையில் அந்நூல்கள் கிடைத்திராவிட்டால் 1540-இல் இயேசு சபை தோன்றியிருக்குமா? ஓரியூரில் 1693-இல் குருதி சிந்திய அருளானந்தரும், தேம்பாவணி தந்த வீரமாமுனிவரும் தமிழ் மண்ணை மிதித்திருப்பார்களா?

மதுரைச் சிறுவரும் லொயோலா வீரரும் காலத்தாலும் சமயத்தாலும் வேறுபட்டவர்கள். ஆயினும் இருவரையும் எழுப்பியவை அடியார் வரலாறுகள். இருவர் வாழ்விலும் நாம் காணும் நெறி ஒன்றே: படிக்கும்போது இனிப்பது எது என்பதன்று, மூடி வைத்தபின் நம்மிடம் தங்குவது எது என்பதே கேள்வி.

இதனை மறந்து கண்ணீரை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். புனித அகுஸ்தினார் இளமையில் உரோமைக் கவிஞர் விர்ஜிலின் காவியத்தைப் படித்து, காதலனால் கைவிடப்பட்டு உயிர்நீத்த தீதோ என்னும் அரசிக்காக அழுதார். தம் ஆன்மா இறைவனைப் பிரிந்து அழிந்துகொண்டிருந்ததற்கோ ஒரு துளி கண்ணீரும் விடவில்லை. இதை அவரே தம் வாழ்க்கை அறிக்கையில் நொந்து எழுதினார். திரையரங்கில் ஏழைத் தாயின் துயருக்கு விம்மி அழுதுவிட்டு, வாசலில் கையேந்தி நிற்கும் முதியவளைக் காணாதவர்போல் கடந்து செல்லும் நமக்கு அவ்வறிக்கை அயலானதா என்ன? உருக்கம் உண்மையானதா என்பதை உருகிய பின் நடந்த நடையே காட்டும்.

சமையற்காரரும் முன்சீப்புகளும்

நூலைப்போலவே பாட்டும் மனிதரை வெளிப்படுத்தும். 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதர் திருவண்ணாமலையோடு பிணைந்தவர். அவர் பாடிய திருப்புகழ் காலப்போக்கில் ஏட்டுச் சுவடிகளில் சிதறிக் கிடந்தது. 1871-இல் சிதம்பரம் தீட்சிதர்கள் தொடர்பான வழக்கொன்றில் திருப்புகழ்ப் பாடல் ஒன்று சான்றாகக் காட்டப்பட்டது. அதன் அழகில் ஈடுபட்டவர் வ. த. சுப்பிரமணிய பிள்ளை. மாவட்ட முன்சீப்பாக விளங்கிய அவர் ஊர் ஊராகச் சுவடிகளைத் தேடினார். 1890-களில் தொடங்கித் திருப்புகழைப் பதிப்பித்தார். இன்று நமக்கு ஏறத்தாழ 1,300 பாடல்கள் கிடைத்திருப்பதற்கு அவரும் அவர் வழிவந்தோரும் பட்ட பாடே பெருங்காரணம். வழக்குக் கட்டுகளுக்கிடையே ஒரு பாட்டைக் கேட்டவர் பலர் இருந்திருப்பர். அதன்பின் வாளாவிருக்க இயலாமற்போனது அவருக்கே.

மற்றொருவர், மைசூர் அரண்மனையில் சமையற்பணி செய்தவர். பழனியில் திருப்புகழ் பாடக் கேட்டு உள்ளம் பறிகொடுத்தார். பெரிய கல்வியில்லாத அவர், அப்பாடல்களுக்காகவே தமிழை முயன்று கற்றார். துறவு பூண்டு திருவண்ணாமலையில் தங்கி, ரமணருடனும் சேஷாத்திரி சுவாமிகளுடனும் பழகியபின் வள்ளிமலைக்குச் சென்றார். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் என்று பெயர் பெற்ற அவர், ஆங்கிலப் புத்தாண்டுக்கு முன்னிரவில் திருத்தணிகை மலைப்படிகளில் திருப்புகழ் பாடி ஏறும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். உயர்ந்த கலை கற்றவர்க்கே உரியது என்று எண்ணுவோருக்கு அந்தச் சமையற்காரரின் வாழ்வு தக்க மறுமொழி.

முன்சீப்பு என்றதும் நம்மவர் ஒருவரும் நினைவுக்கு வருகிறார். 1826-இல் குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1879-இல் வெளியான பிரதாப முதலியார் சரித்திரத்தால் தமிழ்ப் புதினத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர். அவர் இயற்றிய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைச் சமய வேறுபாடின்றி இசைவாணர் மேடைகளில் பாடினர். சைவப் பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது குளத்தூர்க் கோவை பாடினார் என்றால், அவ்விருவருக்கும் இடையே நிலவிய அன்புக்கு வேறு சான்று வேண்டுமா? தம் நம்பிக்கையில் ஊன்றி நின்றவருக்கே அடுத்தவரின் பாட்டை அஞ்சாமல் நேசிக்கும் துணிவு வாய்க்கிறது.

ஒரே வசனம், இரு வாசகர்

ரமணர் தம்மிடம் வந்த மேனாட்டவரோடு உரையாடும்போது விவிலியத்தின் இரண்டு இடங்களை அடிக்கடி எடுத்துக்காட்டினார். ஒன்று, விடுதலைப் பயண நூலின் 3-ஆம் அதிகாரத்தில் எரியும் முட்செடியிலிருந்து இறைவன் மோசேக்குத் தம் பெயரை வெளிப்படுத்தும் இடம். மற்றொன்று, அமைதியாயிருந்து இறைவனை அறிந்துகொள்ள அழைக்கும் திருப்பாடல் 46. தம் போதனை முழுவதும் இவற்றுள் அடங்கியிருப்பதாக அவர் கருதினார்.

முட்செடிப் பகுதியைச் சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். இறைவன் தம்மை 'இருக்கின்றவர்' என்று அறிவிக்கிறார். தன்னுள் ஆழ்ந்து 'நான் யார்' என்று ஆராய்ந்த ரமணருக்கு, அது ஒவ்வோர் உள்ளத்திலும் ஒளிரும் இருப்பின் பெயர். நமக்கோ அது எகிப்தில் அடிமைகளின் அழுகுரலைக் கேட்டு, அவர்களை மீட்க இறங்கி வரும் ஆண்டவரின் பெயர். ஏடு ஒன்றே, வசனமும் ஒன்றே. ஒருவர் அதில் அசையா அமைதியைக் கண்டார்; மற்றவர் நெருங்கி வரும் இரக்கத்தைக் காண்கிறார். பிடித்த நூல் எது என்பதைக் காட்டிலும், அந்நூலில் பிடித்த இடம் எது என்பது மனிதரை இன்னும் நுட்பமாகக் காட்டிக்கொடுக்கும்.

பிற சமயத்தார் நம் நூல்களில் எதைத் தேர்ந்தார்கள் என்று காண்பது நமக்கும் பயன் தரும். விவேகானந்தர் நாடெங்கும் அலைந்த நாளில் கீதையோடு கிறிஸ்துநாதர் அனுசாரத்தையும் உடன் வைத்திருந்தார். அதன் ஒரு பகுதியை வங்க மொழியில் பெயர்க்கவும் செய்தார். காந்தியடிகள் மலைப்பொழிவில் ஈடுபட்டார். பின்னாளில் கர்தினாலாகி 2019-இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட நியூமன் இளமையில் எழுதிய ஒளி வேண்டும் பாடலை விரும்பினார். நம் வீட்டு அலமாரியில் தூசி படிந்திருந்த செல்வத்தை அயலார் எடுத்துத் துடைத்துக் காட்டினார்கள் என்பதைச் சொல்ல நாம் வெட்கப்படலாகாது.

இரு அன்புகளுக்கு இடையில்

நூலைப் படித்துவிட்டுத் திருவண்ணாமலையைத் தேடி வந்தவர்கள் பலர். பால் பிரண்டன் 1934-இல் வெளியிட்ட நூல் மேனாட்டார் பலரை அங்கு வரவழைத்தது. 1938-இல் அங்கு சென்ற சாமர்செட் மாம், 1944-இல் எழுதிய புதினமொன்றில் அவ்வனுபவத்தைப் பயன்படுத்தினார். 1946-இல் அது திரைப்படமும் ஆயிற்று.

1949 ஜனவரியில் அங்கு வந்த இருவர் நம் திருச்சபையின் குருக்கள். ஒருவர் ஜூல் மோன்சானென். 1939 முதல் திருச்சி மறைமாவட்டத்தில் பணியாற்றியவர். மற்றவர், 1910-இல் பிரான்சின் பிரிட்டனி நாட்டில் பிறந்து, கெர்கோனான் மடத்தில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியாக வாழ்ந்து, 1948-இல் குளித்தலை வந்து சேர்ந்த ஹென்றி லெ சோ. பின்னர் அபிஷிக்தானந்தர் எனப் பெயர் கொண்டவர் இவரே. ரமணரைப் பற்றி நிறையப் படித்துவிட்டு, பெரும் எதிர்பார்ப்போடு வந்தார். முதலில் அவர் கண்டதோ அமைதியாக அமர்ந்திருந்த ஒரு முதியவரை மட்டுமே, ஏமாற்றம் அடைந்தார். ஆசிரமத்தில் தங்கியிருந்த ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர், அவர் மிகுந்த சுமையோடு வந்திருப்பதாகவும், அனைத்தையும் இறக்கிவிட்டு வெறுமையாய் இருக்கவேண்டும் என்றும் அறிவுறுத்தினார். அச்சுமை, படித்த படிப்பே. விரும்பிப் படித்த நூலே கண்ணை மறைக்கவும் கூடும் என்பதை அவர் அன்று உணர்ந்தார்.

1950 மார்ச் 21-ஆம் நாள் இரு குருக்களும் குளித்தலைக்கருகே சாந்திவனத்தைத் தொடங்கினர். அதன்பின் அபிஷிக்தானந்தர் மீண்டும் மீண்டும் அருணாசலத்துக்கு வந்து மலைக்குகைகளில் தனித்திருந்தார். உபநிடதங்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. திருப்புகழ்மாலையையும் திருப்பலியையும் அவரால் விடமுடியவில்லை. இவ்விரண்டு அன்புகளும் அவருக்குள் மோதின. அவர் இறுதிவரை எழுதிய நாட்குறிப்பில் அந்த வேதனை பதிந்துள்ளது. 1964-இல் ரெய்முந்து பணிக்கருடன் கங்கோத்திரியில் திருப்பலி நிறைவேற்றினார். 1973 டிசம்பர் 7-ஆம் நாள் இந்தூரில் இறையடி சேர்ந்தார்.

அவர் சொன்ன முடிவுகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. அவரோடு சேர்ந்து சாந்திவனம் கண்ட மோன்சானெனே அவரோடு பலவற்றில் மாறுபட்டார். ஆனால் அவருடைய நேர்மையை மறுக்க இயலாது. இரண்டையும் பிடிக்கும் என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போக அவரால் முடியவில்லை. இரண்டுக்கும் விலை கொடுத்தார். பிற சமயங்களில் உண்மையும் தூயதுமாய் உள்ள எதனையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. அவ்வறிக்கைக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே அதன் சுமையைத் தனியொருவராய் அருணாசலத்தில் சுமக்கத் தொடங்கியவர் அவர்.

நம் வீட்டு அலமாரி

இனி நம் பக்கம் திரும்புவோம். தமிழ்க் கத்தோலிக்கருக்கும் உருகிய வரலாறு உண்டு. இலங்கையில் உழைத்து 1742-இல் மறைந்த கோவாக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை நம் பாட்டிமார் தவக்காலத்தில் கேட்டு அழுதார்கள். மணிவாசகர் பாடிய அம்மானை வடிவத்தில் யாழ்ப்பாணத்தார் சந்தியாகுமையோர் அம்மானையைப் பாடிக் கேட்டார்கள். 1948-இல் வெளியான ஞானசௌந்தரி திரைப்படத்தில் ஒலித்த தேவமாதா பாடல், கோயிலுக்கு வெளியேயும் எத்தனையோ உதடுகளில் தவழ்ந்தது. அந்தப் பாட்டிமாருக்குப் பிடித்த நூல் எது என்று எவரும் கேட்டதில்லை. ஆயினும் இயேசுவின் பாடுகளுக்கு அவர்கள் அழுத கண்ணீர், அடுத்த வீட்டில் நோயாளி கிடந்தபோது கஞ்சியாகவும் மருந்தாகவும் அவ்வீட்டுக்குச் சென்றதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம்.

இன்று பிடித்தவற்றின் பட்டியல் நம்மிடம் நீண்டிருக்கிறது. 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி நம் பெருமை என்கிறோம். அதன் ஒரு படலத்தையேனும் படித்தவர் நம்முள் எத்தனை பேர்? விவிலியமே பிடித்த நூல் என்கிறோம். அதன் எந்த வரியில் நம் குரல் தழுதழுத்துப் படிக்கமுடியாமல் நின்றது? பிறரைக் குறை கூறுவதற்காக இதைக் கேட்கவில்லை. திருவண்ணாமலை முதியவர் பெரியபுராணத்தின்முன் கலங்கிய செய்தியை அறிந்த நாள் முதல் இக்கேள்வி எம்மையும் விடவில்லை.

ஆகவே பிள்ளைகளிடமும் நண்பர்களிடமும் பிடித்த நூலின் பெயரைக் கேட்பதோடு நின்றுவிடாமல், அதை மூடிய பிறகு என்ன செய்தாய் என்றும் அன்போடு கேட்போம். அதற்கு முன் ஓர் இரவு, திருப்பலியில் கேட்ட நற்செய்திப் பகுதியை வீட்டில் ஒருமுறை வாய்விட்டுப் படிப்போம். எவ்விடத்தில் நெஞ்சம் நிற்கிறது என்று கவனிப்போம். எங்கும் நிற்கவில்லையாயின் அதையும் மறைக்காமல் இறைவனிடம் சொல்வோம். மதுரைக் கோயிலில் அறுபத்துமூவர் முன் நின்ற சிறுவர், தமக்கு இன்னும் வாய்க்காத பக்தியைக் கேட்டுத்தான் அழுதார். கேட்பதற்கு நமக்கும் தடையில்லை.